சாத்தப்பன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

4 ஜனவரி 2023

கேட்டவரின் கேள்வியை அப்படியே போடுகிறேன்: "சாத்தப்பன் என்ற பெயர் செட்டிநாட்டில் மட்டும்தான் இருக்கிறது. சாத்து என்றால் வணிகக் கூட்டம். ஆகவே சாத்தப்பன் என்றால் வணிகர் தலைவன். சாமிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. சரிதானே?"

சரிதான் என்றுதான் நானும் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயரே சாத்தப்பன். என் ஐயா பெயரும் அதுதான். ஐயா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பச்சியை, அதாவது தகப்பனாரை, பெற்றவர்.

சாட்சிகள் பலமானவை. கோவலனின் தகப்பனார் மாசாத்துவன், கண்ணகியின் தகப்பனார் மாநாய்கன். முன்னவர் தரைவழி வியாபாரி, பின்னவர் கப்பல் வியாபாரி. மாசாத்துவன் என்பது பெயர் மாதிரி தெரிந்தாலும் பட்டம்தான்; பெரிய சாத்துக்குத் தலைவன் என்று பொருள். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமக்கும் கழுதைச் சாத்து ஒன்று போகிறது, சுங்கம் வாங்கும் பெருவழியில், முதுகெல்லாம் தழும்போடு. மணிமேகலை பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன பரம்பரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

5 ஜனவரி

நேற்று எழுதியதில் எனக்கே ஒன்று இடித்தது. 'கூலவாணிகன்' என்று தொழிலைத் தனியாகச் சொல்லி, அப்புறம் 'சாத்தன்' என்று பெயர் சொல்கிறார்கள். சாத்தன் என்றாலே வணிகன் என்று பொருளானால் கூலவாணிகன் எதற்கு? தொழிலைத் தனியாகச் சொல்லவேண்டி வந்ததே அந்தப் பெயரில் தொழில் இல்லை என்பதற்குச் சாட்சி. நான் எனக்குச் சாதகமாகக் கூப்பிட்ட சாட்சி எதிர்த்தரப்புக்குப் போய்விட்டார்.

5 ஜனவரி, இரவு

சீத்தலை பற்றி ஒருவர் கேட்டார். மட்டமான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொள்வாராம், அதனால் தலை சீழ்ப்பிடித்துச் 'சீத்தலை' ஆயிற்றாம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் சொன்னார்கள். சீத்தலை என்பது ஊர்ப் பெயர் என்று கொள்வதுதான் நியாயம். ஆனால் இந்தக் கதையை விடவும் மனசு வரவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் கவிதைகளைப் படித்திருந்தால் மனிதருக்குத் தலையே மிஞ்சியிருக்காது.

9 ஜனவரி

புறநானூற்றைப் புரட்டினேன். சாத்தன்கள் வரிசையாக வருகிறார்கள். குமணனிடம் போய் அவன் தலையையே கொடுக்கத் துணியும்படி பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். நக்கீரர் பாடிய பிடவூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் இருக்கிறான். ஆடுதுறை மாசாத்தனார், மோசிசாத்தனார் என்று புலவர்கள். பெண்பாலில் ஒக்கூர் மாசாத்தியார்: முந்தாநாள் அண்ணனையும் நேற்றுக் கணவனையும் போரில் இழந்துவிட்டு, இன்று ஒரே மகனுக்குத் தலைவாரி வேலைக் கையில் கொடுத்து அனுப்பினாளே ஒருத்தி, அவளைப் பாடியவர். அந்த ஒக்கூர் எங்கள் சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர்.

என்னை நிறுத்திவைத்தது 242-ஆம் பாட்டு. ஒல்லையூர்ச் சாத்தன் செத்துப்போனான். குடவாயிற் கீரத்தனார் முல்லைச் செடியைப் பார்த்துக் கேட்கிறார். இளைஞர் சூடமாட்டார்கள், வளையல் அணிந்தவர் பறிக்கமாட்டார்கள், பாணன் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள். வல்வேற் சாத்தன் மாய்ந்த பிறகு 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே'. அவ்வளவுதான் பாட்டு.

வல்வேல். வேல் பிடித்தவன். தராசு பிடித்தவன் இல்லை. ஒல்லையூர் என்பது புதுக்கோட்டைப் பக்கம் ஒலியமங்கலம் என்கிறார்கள் அறிஞர்கள். என் பெயர்க்காரன் ஒருவன் எங்கள் சீமைக்குப் பக்கத்திலேயே வீரனாக இருந்து செத்திருக்கிறான். ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு இது தெரியவந்தது. பத்தாம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால் பல சண்டைகளை ஜெயித்திருப்பேன்.

10 ஜனவரி

என்ன சண்டை என்று கேட்கிறார்கள். என்னவாக இருக்கும்? 'சாத்தான்' என்று கூப்பிட்டால் சண்டைதான். நான் படித்தது ஒரு கிறிஸ்தவப் பள்ளி. வேதபாட வகுப்பில் ஆசிரியர் "சாத்தான் சோதித்தான்" என்று வாசித்தாலே நாற்பது தலை என் பக்கம் திரும்பும். விவிலியத்துச் சாத்தான் எபிரேயத்திலிருந்து கிளம்பிவந்த சொல். எங்கள் சாத்தனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பன்னிரண்டு வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? இன்னொருவன் சாத்துக்குடி என்பான். அது பரவாயில்லை, தின்னும் பொருள்.

சாத்து என்ற வினைச்சொல்லும் சும்மா விடாது. கதவைச் சாத்தலாம், சாமிக்கு மாலை சாத்தலாம், ஒருவனை நாலு சாத்துச் சாத்தலாம். மூன்றையும் கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரே வாக்கியத்தில் என்னை வைத்துச் சொல்லிக்காட்டியிருக்கிறார். மூன்றாவதைச் செய்தும் காட்டினார்.

17 ஜனவரி

"செட்டிநாட்டில் மட்டும்தான்" என்ற பகுதியை முதல் நாளே மறுத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். சாத்தப்பன் என்ற வடிவம் நகரத்தாரிடம், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களிடம், அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சாத்தையா என்று பல சாதியிலும் இருக்கிறார்கள். கேரளத்தில் சாத்தன் நேற்றுவரை சாதாரணப் பெயர். பறயி பெற்ற பன்னிரண்டு குலம் என்ற அவர்கள் கதையில் அகவூர் சாத்தன் ஒருவர். கொங்குப் பக்கம் வேளாளர்களில் சாத்தந்தை கூட்டம் என்றே ஒரு குலம் உண்டு.

சாத்தந்தை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும், சுவையான இடம். சாத்தன் + தந்தை = சாத்தந்தை. கொற்றன் + தந்தை = கொற்றந்தை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இதற்கென்றே விதி இருக்கிறது. ஆதன், பூதன் என்ற பெயர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போய் ஆந்தை, பூந்தை என்று சுருக்குவார்கள். பிசிராந்தையார் அப்படி வந்தவர். பிசிர் என்ற ஊரின் ஆந்தை. ராத்திரி அலறும் ஆந்தைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கொங்கில் ஆந்தை கூட்டமும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் சாத்தப்பன் என்றால் என்ன? சாத்தனுக்கு அப்பன்! பழனியப்பன், வள்ளியப்பன், சேவுகப்பன் எல்லாம் மரியாதைக்குச் சேர்த்த அப்பன் என்று தெரியும். இருந்தாலும் இலக்கணப்படி நான் ஒரு சாத்தனுக்குத் தகப்பன் ஆகிறேன். என் மகன் பெயர் ராமநாதன். விதி பொய்த்தது.

18 ஜனவரி

இலக்கணத்தில் சாத்தன் வாங்கும் அடி கொஞ்சநஞ்சமில்லை. உரையாசிரியர்கள் எதற்கெடுத்தாலும் சாத்தனைத்தான் கூப்பிடுவார்கள். சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான், சாத்தனும் கொற்றனும் வந்தார். நம் காலத்து ராமுவும் சோமுவும் மாதிரி. ஒரு பெயரை எடுத்துக்காட்டுக்கு வைக்கிறார்கள் என்றால் தெருவுக்கு நாலு பேராவது அந்தப் பெயரில் இருந்திருக்க வேண்டும்.

எகிப்தில் பெரெனிகே துறைமுகத்தில் சாத்தன் என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்ததும் நினைவுக்கு வருகிறது.

19 ஜனவரி

திருத்தம். சாத்தன் கிடைத்தது பெரெனிகேயில் இல்லை, அதே செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற இடத்தில். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய ஓடுகள். ஒன்றில் கண்ணன், இன்னொன்றில் சாத்தன். எழுதியவர் புள்ளி, இரட்டிப்பு பற்றியெல்லாம் கவலைப்படாமல் 'சாதன்' என்று கீறியிருக்கிறார். பெரெனிகேயில் கிடைத்த ஓட்டில் இருப்பவர் கொற்றன். சாத்தனும் கொற்றனும் அங்கேயும் போயிருக்கிறார்கள், வேறு வேறு துறைமுகத்துக்கு.

இதை வைத்து முதல் நாள் கேள்விக்காரர் "பார்த்தீர்களா, கடல் கடந்த வணிகன், நான் சொன்னது சரி" என்கிறார். ஐயா, கண்ணனும் கூடத்தான் போனார். கண்ணன் என்றால் வணிகன் என்று பொருளா?

2 பிப்ரவரி

இன்று நார்த்தாமலை போனேன். மேலமலையில் பழியிலீஸ்வரம் என்ற சின்னக் குடைவரை. 9-ஆம் நூற்றாண்டில் குடைவித்தவர் சாத்தன் பழியிலி. சாத்தன் மகனான பழியிலி என்று படிக்கவேண்டும். அப்பன் பெயர் முன்னால். முத்தரையர் குடும்பம். பழியிலி என்பது எவ்வளவு அழகான பெயர், இன்று யாரும் வைப்பதில்லை. எதிரே விஜயாலய சோழீஸ்வரத்தை முதலில் கட்டியவர் சாத்தன் பூதி. மழையில் அது இடிந்துபோய் மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்தார். இத்தனை சாத்தன்களோடு ஒரே பாறையில் நின்றுகொண்டு மோர் குடித்தேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு. கி.பி. 773. பாண்டியன் நெடுஞ்சடையனிடம் மகாசாமந்தனாக இருந்தவர் சாத்தன் கணபதி. அங்கே திருப்பணி செய்தார். அவர் மனைவி துர்க்கைக்கும் சேட்டை என்ற மூதேவிக்கும் கோயில் எடுத்தார். அந்த அம்மாள் பெயர் நக்கன் கொற்றி. இலக்கணப் புத்தகத்தில் பல நூற்றாண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்த சாத்தன் வீட்டுப் பிள்ளைக்கும் கொற்றிக்கும் நிஜத்திலேயே கல்யாணம் ஆகியிருக்கிறது.

3 பிப்ரவரி

ஊர்ப் பெயர்களை மறந்துவிட்டேன் என்று நாலு பேர். மறக்கவில்லை, ஆரம்பித்தால் முடியாது. சாத்தூர், சாத்தமங்கை, சாத்தான்குளம். தென்பெண்ணை அணைக்கட்டு இருக்கும் சாத்தனூர். திருமூலர் ஓர் இடையனின் உடலில் புகுந்ததாகச் சொல்லும் சாத்தனூர் வேறு, அது ஆவடுதுறைப் பக்கம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது; வயது பன்னிரண்டு கோடி ஆண்டு என்கிறார்கள். எங்கள் பெயரைவிடப் பழசு.

20 மார்ச்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

இந்தப் பெயரால் என்னை வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. எங்களில் மூத்த பேரனுக்கு ஐயா பெயர். ஐயா சாத்தப்பன், அப்பச்சி ராமநாதன், நான் சாத்தப்பன், என் மகன் ராமநாதன். இரண்டே பெயர், மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி சுற்றிச்சுற்றி வரும். விலாசம் எழுதினால் சா.ராம.சா. என்று படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒருமுறை ஐயா பெயரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்றப் போனேன். அந்த அலுவலகத்தில், "உயிரோடு இருக்கிறவரே வந்து தான் இறந்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுக்கிறீர்களே" என்றார்கள். அதைத் தீர்க்க ஒன்றரை வருடம் ஆனது.

இதில் சிக்கல் என்னவென்றால், என் ஆத்தாவுக்கு அது மாமனார் பெயர். வாய்திறந்து சொல்லக்கூடாது. அப்பத்தாவுக்குப் புருஷன் பெயர். அவளும் சொல்லமாட்டாள். அப்பச்சிக்குத் தகப்பனார் பெயர். பெற்ற மகனை "டேய் சாத்தப்பா" என்று கூப்பிட்டு வைய முடியுமா? ஆகவே ஆத்தாவுக்கு நான் ராசா, அப்பத்தாவுக்கு 'ஐயா', அப்பச்சிக்குத் தம்பி. கணக்கெடுக்க வந்தவர் அப்பத்தாவிடம் "வீட்டுக்காரர் பேர் என்ன ஆச்சி?" என்று கேட்டபோது அவள் என்னைத் தரதரவென்று இழுத்து முன்னால் நிறுத்தி, "இவன் பேருதான் அவுகளுக்கும்" என்றாள். எனக்கு ஏழு வயது. நானும் சொல்லவில்லை. அவர் கடைசியில் என் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

கல்யாணமான பிறகு என் மனைவிக்கு நான் 'இந்தாங்க'.

22 மார்ச்

"அப்படியானால் எதற்காக அந்தப் பெயரை வைக்கவேண்டும்?" நல்ல கேள்வி. வைப்பது கூப்பிடுவதற்காக இல்லை என்றுதான் தோன்றுகிறது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிற வைரத்தோடு மாதிரி.

6 ஏப்ரல்

வணிகனா சாமியா என்ற பழைய இடத்துக்கு வருகிறேன். நான் கட்சி மாறிவிட்டேன்.

ஐயனாருக்கு சாத்தன், சாத்தா என்று பழைய பெயர்கள் உண்டு, வடமொழியில் சாஸ்தா. ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி சாத்தன் என்பதே புத்தரின் பெயர், ஐயனார் கோயில்கள் பழைய பௌத்தக் கோயில்கள் என்று எழுதினார். சாஸ்தா என்ற சொல் புத்தருக்கு உரியதாக அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் இருப்பது உண்மை. ஊர் ஐயனார் எல்லாம் புத்தர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குதிரையில் ஏறி ராத்திரி ஊரைச் சுற்றி வருபவர் அவர், பூரணையும் புட்கலையும் இருபுறமும்.

என்னை மாற்றியது சிலப்பதிகாரத்தில் வரும் பாசண்டச் சாத்தன் கதை. மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது பால் விக்கிக் குழந்தை செத்துப்போகிறது. பழி வருமே என்று பிணத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடி, கடைசியில் சாத்தன் கோயிலில் விழுகிறாள். இடாகினிப் பேய் பெண் உருவத்தில் வந்து பிணத்தையும் பிடுங்கித் தின்றுவிடுகிறது. அப்போது சாத்தன் தானே அந்தக் குழந்தையாகி அவள் முன்னால் கிடக்கிறான். வளர்கிறான், படிக்கிறான், பங்காளிகளோடு வழக்குப் பேசுகிறான், தாய் தந்தைக்குச் செய்யவேண்டிய கடனெல்லாம் செய்கிறான், தேவந்தி என்பவளைக் கட்டுகிறான். சில ஆண்டு வாழ்ந்துவிட்டு, மூப்பில்லாத தன் உருவத்தைக் காட்டி, என் கோட்டத்துக்கு வா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

செத்த பிள்ளைக்குப் பதிலாகச் சாமியே பிள்ளையாக வருகிறது. இதைப் படித்ததும் அப்பத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கள் ஐயாவுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் தங்கவில்லையாம். மூன்றாவது தங்கினால் குதிரை எடுப்பதாக ஐயாவைப் பெற்றவள் ஐயனாருக்கு நேர்ந்துகொண்டாள். பிடிமண் கொடுத்து, வேளார் மண்குதிரை செய்து, புரவி எடுப்பில் அது ஊர்சுற்றிக் கோயில் வாசலுக்குப் போனது. பிள்ளைக்குச் சாத்தப்பன் என்று பெயர். எங்கள் வீட்டுச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது அங்கேதான். அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் சாத்தப்பனே கிடையாது. வியாபாரம் செழித்ததால் வந்த பெயர் இல்லை இது, பிள்ளை பிழைத்ததால் வந்தது.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டே 'வணிகர் தலைவன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

7 ஏப்ரல்

"ஒரு வீட்டுக் கதையை வைத்துப் பெயரின் வரலாற்றை முடிவு செய்யலாமா?" கூடாது. ஒத்துக்கொள்கிறேன். 'சார்த்த' என்ற வடசொல் சாத்து ஆகும், 'சாஸ்தா' சாத்தன் ஆகும். இரண்டு வழியும் ஒரே வாசலில் வந்து நிற்கும். மாசாத்துவன் முதல் வழி. புறநானூற்று வேல்காரனும் மண்குதிரைப் பிள்ளையும் இரண்டாவது வழி என்று நான் நினைக்கிறேன். காட்டுவழி போன சாத்துக்காரர்களும் காவலுக்கு வழியோரத்து ஐயனாரைத்தானே கும்பிட்டிருப்பார்கள்.

இரண்டும் வடமொழிதானே, அப்புறம் எப்படித் தமிழ்ப்பெயர் என்று ஒருவர். அவருக்கு: இரண்டாயிரம் வருடம் வாடகை கொடுத்துக் குடியிருந்தவனைக் காலிசெய்யச் சொல்கிறீர்கள்.

11 ஆகஸ்ட்

பேரன் பிறந்திருக்கிறான். முறைப்படி என் பெயர் வரவேண்டும். மகனும் மருமகளும் வெளிநாட்டில். மருமகள் எங்கள் பக்கத்துப் பெண் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சாத்விக் என்று வைக்கப்போவதாகக் காற்றுவாக்கில் செய்தி. 'சா' இருக்கிறது, அதுவரை லாபம் என்று மனைவி சொல்கிறாள்.

13 ஆகஸ்ட்

லாபம் எல்லாம் இல்லை. வருத்தம்தான். நேற்று பெருந்தன்மையாக எழுத முயற்சி செய்தேன், அழித்துவிட்டேன்.

29 அக்டோபர்

பலர் கேட்டுவிட்டீர்கள். சான்றிதழில் சாத்தப்பன் என்றே பதிந்துவிட்டார்கள். மகன் சொல்லித்தான் என்று நினைத்தேன். இல்லையாம், ஒல்லையூர் முல்லைப் பாட்டை நான் இங்கே எழுதியதை மருமகள் படித்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம். பெரியவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்ற கதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல. குழந்தை ஏதோ துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் சத்தமாக, "சாத்தப்பா! கீழே போடு!" என்றாள்.

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.